பதினேழாம் நம்பர் கேமரா

"யாருங்க இந்த ஆளு? கேமரா முன்னாடி நின்னு கூத்து காட்டிக்கிட்டு இருக்காரு?"

ரேஞ்சரம்மா எழுத்தரிடம் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் திரையில், இடுப்பளவு புல்லுக்கு நடுவே காக்கி உடுப்பில், காட்டைக் காவல் காக்கும் ஒரு வாட்சர். ஒரு படத்தில் கையை நெஞ்சில் வைத்திருந்தார். அடுத்ததில் இரண்டு கையும் தலைக்கு மேல் கொம்பு மாதிரி. அதற்கடுத்ததில் மூன்று விரல். இப்படி இருநூற்றுப் பத்து படம். எல்லாமே பதினேழாம் நம்பர் கேமராவில்.

மான் கணக்கெடுக்கப் புல்வெளி முழுக்க நாற்பது கேமரா கட்டியிருந்தார்கள். எதிரே எது அசைந்தாலும் தானாகவே மூன்று படம் எடுத்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை படமெல்லாம் ஆபீசுக்கு வரும். காற்றில் ஆடிய புல்லைக் கழித்துவிட்டு மானை மட்டும் பிரித்தெடுப்பது எழுத்தரின் வேலை. அதனாலேயே ஆபீசில் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

"ஆளுங்க விழுந்த படத்தை உடனே அழிக்கணும்னு உத்தரவு இருக்கில்ல? இதை மட்டும் ஏன் தனியா எடுத்து வச்சிருக்கீங்க?"

சல்லடை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"அழிச்சிடறேன் மேடம்."

காரணம் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார். அந்த மழுப்பல்தான் ரேஞ்சருக்கு உறுத்தியது. போன மாதம்தான் ஓடையோரம் நாலு சுருக்குக் கம்பி சிக்கியது. மான் எங்கே நடமாடுகிறது என்று உள்ளேயிருந்து யாரோ துப்பு கொடுக்கிறார்கள். கொம்பு, மூன்று விரல்... மூன்று மான் என்று ஜாடையோ?

சனிக்கிழமை மதியம், சல்லடை ஒரு பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டதை ரேஞ்சர் கண்ணால் பார்த்தார். வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"அது எங்க போகுது?"

சல்லடை பையைக் கையால் பொத்திக்கொண்டார். "நானே கூட்டிட்டுப் போறேன் மேடம். வந்து பாருங்க. அப்புறம் என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க."

ஜீப் போய் நின்றது, காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில்.

எட்டு வயது இருக்கும். வாசலிலேயே காத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, மூக்குக்குக் கீழே விரலை வைத்து இரண்டு பக்கமும் முறுக்கிக்காட்டியபடி ஓடிவந்து சல்லடையின் கையைப் பிடித்துக்கொண்டது.

"என் பேரு மேடம் அது," என்றார் சல்லடை, கொஞ்சம் வெட்கத்தோடு. "மீசைப் பெரியப்பா."

"யாரு இது?"

"நம்ம வாட்சர் பொண்ணு. மத்த வாட்சருங்க பாறை மேல ஏறி நின்னா சிக்னல் கிடைச்சு ரெண்டு நிமிஷம் வீட்டுக்குப் பேசிடுவாங்க. குரல் மட்டும்தான் வரும், படம் கிடம் எதுவும் போகாது. அந்தப் போனை இவ காதுல வச்சு என்ன பண்றது?"

பள்ளிக் கம்ப்யூட்டரில் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கொம்பு வந்ததும் பிள்ளை குதித்தது.

"மூணு மான்குட்டி பொறந்திருக்காம்," என்றார் சல்லடை. "இப்ப, பல்லு விழுந்துச்சான்னு கேக்கறான்."

பிள்ளை திரைக்கு முன்னால் போய் வாயை 'ஆ'வென்று திறந்து ஓட்டைப் பல்லைக் காட்டியது.

ரேஞ்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படி இந்தப் பாஷை?"

"இவதான் டீச்சர். ஏழு மாசமா படிக்கிறேன், இன்னும் பாதிதான் ஏறியிருக்கு."

"அவர் நேர்லயே வந்து பார்க்கலாமே? முப்பது கிலோமீட்டர்தானே?"

சல்லடை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தீ பிடிக்கிற காலம் முடியற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாதுன்னு உத்தரவு மேடம். மூணு தடவை எழுதிக் கேட்டான்."

யார் போட்ட உத்தரவு என்று அவர் சொல்லவில்லை. 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதியிருந்த மூன்று விண்ணப்பங்களையும், என்ன ஏது என்று கேட்காமல் சிவப்பு மையில் கோடு இழுத்ததையும் ரேஞ்சர் மறந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் கண் அவருடைய தோள்பட்டை நட்சத்திரத்தில் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தன் தோளை இரண்டு விரலால் தட்டிக்காட்டி, படபடவென்று கைகளை வீசி என்னவோ சொல்லிவிட்டு, சல்லடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"நட்சத்திரம் வச்ச ஆபீசர்தான் எங்கப்பாவை விடமாட்டேங்கறாங்க, அவங்க கெட்டவங்கன்னு..." சல்லடை பிள்ளையின் தலையில் கை வைத்தார். "போன தடவையும் இதையேதான் சொன்னா. நானும் எழுதி, சாமான் கொண்டுபோற ஜீப்புல அவனுக்குக் குடுத்தனுப்பினேன். பதில் வந்திருக்கும். இன்னும் மூணு படம் பாக்கி இருக்கு."

ரேஞ்சரே மவுஸை அழுத்தினார்.

வாட்சர் தன் தோளைத் தட்டிக்காட்டினார். அடுத்ததில், கையை அகல விரித்துப் புல்வெளி முழுவதையும் வளைத்துக்காட்டினார். கடைசிப் படத்தில், எதையோ தூக்கி வைத்திருப்பவர்போல இரண்டு கையையும் மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

ஒளிந்திருந்த பிள்ளை மெல்ல வெளியே வந்து ரேஞ்சரை நிமிர்ந்து பார்த்தது.

"என்னங்க சொல்றார்?" என்றார் ரேஞ்சர்.

"அவங்க மேல கோவிச்சுக்காதடா கண்ணு, இங்க இருக்கிற குட்டிங்களுக்கெல்லாம் அவங்கதான் அம்மான்னு சொல்றான் மேடம்."