கடையில் சொல்லாத சொல்

முகத்தைச் சுற்றிக் கட்டிய துப்பட்டாவை அவிழ்க்காமலே பட்டுப் பிரிவுக்குள் வந்த அந்தப் பெண், கைபேசியை என் முன்னால் நீட்டினாள்.

எங்கள் கடை வீடியோ. மாம்பழ மஞ்சள் பட்டு கட்டிய ஒருத்தி கோயில் பிராகாரத்தில் நடந்து வந்து, நின்று, திரும்பிப் பார்க்கிறாள்.

வந்தவளுக்கு அப்படியே ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது எனக்கு.

அந்த வீடியோவைச் செய்தவன் நான். அதாவது, மடித்து வைத்த புடவையை ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தை ஏஐ மென்பொருள் பார்த்துக்கொண்டது. அதன் மூன்று மாதச் சந்தா அன்றோடு முடிகிறது. வீடியோவைப் பார்த்து ஒரு ஆளாவது கடைக்கு வந்தால் வருஷச் சந்தா கட்டலாம், வராவிட்டால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு நீ பழையபடி புடவை மடிக்கப் போ என்று முதலாளி அய்யாதுரை காலையில்தான் சொல்லியிருந்தார்.

முன்பெல்லாம் ஒரு விளம்பரம் என்றால் ஸ்டூடியோ வாடகை, லைட்காரர், மேக்கப் அம்மா, மாடல் பெண், அத்தனை பேருக்கும் மதியம் பிரியாணி. அந்த ஒரு நாள் செலவில் இது ஒரு வருஷம் ஓடும். லெக் பீஸ் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு அதே புடவையை எடுத்தேன். பேன்ட்டுக்கு மேலேயே இடுப்பில் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு நானே கட்டிக் காட்டினேன். தி.நகரில் பட்டு விற்கிற எவனுக்கும் இது பழக்கம்தான். இந்தப் பதினோரு வருஷத்தில், மீசையோடு நான் கட்டாத முகூர்த்தப் புடவை கிடையாது.

அவள் கண் கைபேசியிலேயே இருந்தது. இந்தப் பெண் யார், எந்த ஊர், எப்போது வந்து நடித்துக் கொடுத்தாள் என்று கேட்டாள்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. கேட்ட நிறம் தீர்ந்துபோயிருந்தால் 'வருது' என்போம். லட்சுமி வந்து போகிற இடத்தில் அந்தச் சொல் ஆகாது என்று முதலாளி திருநெல்வேலியிலிருந்து கையோடு கொண்டு வந்த சட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் கடைப் பையன் ஷோயப், லிஃப்டே கிடையாத கடையில் லிஃப்ட் எங்கே என்று கேட்ட ஒரு மாமியிடமே 'வருது' என்று சொல்லி, அந்த மாமி கால் மணி நேரம் சுவர் ஓரமாகக் காத்து நின்றார்.

அன்றைக்குப் பெருமையில் எனக்குச் சட்டம் மறந்துவிட்டது.

"அப்படி ஒரு பொண்ணே இல்லீங்க. எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணது."

விளக்கமும் கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டரில் விளம்பரப் படங்கள் ஒரு ஃபோல்டர் நிறையக் கிடந்தன. நாலைந்து மாடல்கள், எல்லாம் மூன்று நான்கு வருஷத்துக்கு முந்தியவை. மொத்தத்தையும் தூக்கி மென்பொருளிடம் கொடுத்தேன். அது எல்லாரையும் கலந்து, யாருடையதும் அல்லாத ஒரு முகத்தைச் செய்துகொண்டது. சந்தா விற்றவர் போனில் அப்படித்தான் சொன்னார், நானும் நம்பினேன். ஒரே ஒரு குறை, இடது காதுக்குக் கீழே அழுக்கு மாதிரி ஒரு புள்ளி. மூன்று தடவை அழித்தேன். ஒவ்வொரு புது வீடியோவிலும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். அவள் கையில் எங்கள் வீடியோ ஓடுவதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ராம்குமாரு, கட்டிருவமாடே என்று அங்கிருந்தே கேட்டுவிட்டு, சந்தா கட்டுவதற்குச் சட்டைப் பையில் கார்டைத் தேட ஆரம்பித்தார்.

அவள் கைபேசியில் யாருக்கோ வீடியோ கால் போட்டாள். மணி போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, இப்ப என்கிட்ட சொன்னத எங்க அத்தைகிட்டயும் ஒரு தடவ சொல்றீங்களா?"

சொல்லிவிட்டுத் துப்பட்டாவை அவிழ்த்தாள்.

இடது காதுக்குக் கீழே மச்சம் இருந்தது. நான் மூன்று தடவை அழித்த மச்சம்.

மணி போய்க்கொண்டிருக்கும்போதே அவசர அவசரமாகச் சொன்னாள். பெயர் சாருலதா. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் எங்கள் கடைக்கு நடித்திருக்கிறாள். இனிமேல் விளம்பரத்துக்குப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் நங்கநல்லூரில் வாழ்க்கைப்பட்டாள். இப்போது எங்கள் வீடியோக்களில் வாரத்துக்கு ஒரு புதுப் புடவையில் வருகிறாள். ஆபீசுக்கு என்று பொய் சொல்லிவிட்டு நடிக்கத்தான் கிளம்பிப் போகிறாள் என்று, மூன்று மாதமாக அந்த வீட்டில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவது கிடையாது. கணவனும்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் புள்ளி அழுக்கு அல்ல என்று இரண்டாவது தடவை அழிக்கும்போதே எனக்குப் பட்டது. அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

அழைப்பை எடுத்துவிட்டார்கள். திரையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சாருலதா கைபேசியை என் பக்கம் திருப்பினாள். அந்த அம்மாள் என் மீசையைப் பார்த்தார். தோளில் கிடந்த மாம்பழ மஞ்சள் முந்தானையைப் பார்த்தார்.

கார்டை எடுத்துக்கொண்டு முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தப் புடவையக் கட்டுனது நான்தாம்மா," என்றேன். "முகம் கம்ப்யூட்டர் பண்ணது. அந்த வீடியோவுல உங்க மருமக இல்லை."