ஐயர் பேரன்

ஞானதிரவியம் எங்கே போனாலும் முதலில் தாத்தாவைத்தான் உள்ளே அனுப்புவார். "நான் வேதமாணிக்கம் ஐயர் பேரன்." திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்பதுதான் வழக்கம். அந்த ஒரு வார்த்தைக்கு ஆலயத்தில் முன்வரிசை கிடைத்தது. பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்குச் செயலாளர் பதவியும் கிடைத்தது.

மனைவி ரூபியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி பெஞ்சில் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபித்தார். "ஆண்டவரே, வேதமாணிக்கம் ஐயர் பேரன், சேகரச் செயலாளர் ஞானதிரவியம் வந்திருக்கேன்."

பக்கத்தில் மகனுக்காகக் காத்திருந்த திருநீறு பூசிய அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, தாத்தா பேரச் சொன்னாத்தான் உங்க சாமி உள்ள விடுமோ?"

"சொல்லிப் பழகிட்டும்மா" என்றார்.

மறுபடி கண்ணை மூடினார். தாத்தாவை விட்டுவிட்டு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, "ஆண்டவரே, பயமா இருக்கு" என்றார். அதன் பின்னால், ரூபியிடம்கூடச் சொல்லாததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது.

கதவு திறந்தது. "ரூபிகூட வந்தது யாரு?" என்றாள் நர்ஸ். அவர் காதில் விழவில்லை.

"கொஞ்சம் பொறும்மா," என்றாள் அந்த அம்மாள், "பேசிக்கிட்டு இருக்காவ."