புத்தகத்தில் இல்லாத பறவை

"விடாதீங்க! அந்தக் கொண்டைக்காரன் மறுபடியும் வர்றான், அடிங்க!"

தலைவர் போட்ட சத்தத்தில் குமாஸ்தா கையிலிருந்த கல்லைச் சுவர்ப்பக்கம் வீசினார். சுவர்மேல் உட்கார்ந்திருந்த கொண்டைக்குருவி படபடவென்று பறந்தது. ரிட்டையராகும் வரை ஆபீஸில் ஈயைக்கூட விரட்டாத மனுஷன் அவர்.

சண்டையெல்லாம் செம்பருத்திச் செடியின் தாழ்ந்த கிளையில் இருந்த ஒரு குட்டிப் பறவைக்காகத்தான். மங்கிய பழுப்பு நிறம், தலையில் கொண்டை இல்லை, வால் விரற்கடை அளவு, அலகோரம் மஞ்சள். காலையில் அதைத் தோட்டத்தில் பார்த்ததுமே குமாஸ்தா பறவை ஆர்வலர் சங்கத் தலைவருக்குப் போன் போட்டுவிட்டார்.

தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. தோட்டத்துப் பறவைகளைப் பற்றி நானூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதியவர். அட்டையில் பறவையைவிட அவர் படம்தான் பெரிது.

வந்ததும் பறவையைப் பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டினார். 'தெரியவில்லை' என்று சொல்லிப் பழக்கமில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமாஸ்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் புத்தகத்துலயே இல்லைன்னா, இது உலகத்துக்கே புதுசு சார்! முதல்ல பார்த்தது நீங்க. உங்க பேரைத்தான் வைக்கப்போறோம்."

குமாஸ்தா பறவையைப் பார்த்துக் கைகூப்பினார். ஆபீஸில் அவர் எழுதின கடிதத்துக்கெல்லாம் அடுத்தவர்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டு வாசல் பலகையில்கூட மாமனார் பெயர்தான். இந்தப் பறவையாவது நம் பெயரைச் சொல்லட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. சங்கத்து கேமரா சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கணும்" என்றார் தலைவர். "இந்தக் கொண்டைக்குருவிங்க விடுதா பாருங்க! ரெண்டும் மாத்தி மாத்தி வம்புக்கு வருது."

"ஆமா சார், வாயில புழுவைக் கவ்விக்கிட்டே சண்டைக்கு வருது. என்ன திமிரு!"

"பொறாமை சார். புதுசா ஒருத்தர் பேர் வாங்கினா அக்கம்பக்கத்துக்குப் பொறுக்காது."

உள்ளே பேரன் வீறிட்டு அழுதான். குமாஸ்தா ஜன்னலுக்கு ஓடினார்.

"ஏம்மா, குழந்தையைக் கத்தவிடாதே! பறவை பயந்துடப்போகுது!"

"பசிக்கு அழறான்ப்பா. பால் குடிச்சா அடங்கிடுவான்" என்றாள் மகள்.

வெயில் ஏறியது. இருவரும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு, நடுவில் கல்லைக் குவித்து, முறை வைத்துக் காவல் காத்தார்கள். தலைவர் நோட்டில் எழுதிக்கொண்டே போனார்: 'அஞ்சாத இனம். பகைவன் நெருங்கினால் ஓடுவதில்லை. சிறகை அடித்து, வாயை அகலத் திறந்து முழங்குகிறது.'

மத்தியானத்துக்கு மேல் முழக்கம் குறைந்தது. பறவை உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தது.

"என்ன சார், சோர்ந்து போச்சா?" குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சேச்சே! தியானம் சார் அது. உயர்ந்த ஜாதிப் பறவைக்குத்தான் இதெல்லாம் வரும்" என்று தலைவர் அதையும் எழுதிக்கொண்டார்.

தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சாய்த்தபடி மகள் டீ கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவர்மேல் கொண்டைக்குருவி திரும்பவும் வந்து உட்கார்ந்தது. அலகில் புழு நெளிந்தது. கண்மூடிக் கிடந்த குட்டிப் பறவை தள்ளாடி எழுந்து, சிறகு நடுங்க வாயைத் திறந்தது.

"பார்த்தீங்களா வீரத்தை!" என்றார் தலைவர்.

குமாஸ்தா கல்லை ஓங்கினார். மகள் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது குஞ்சுப்பா... காலையிலேருந்து நீங்க கல்லால அடிச்சு விரட்டுறது அதோட அம்மாவை!"