அளவெடுக்க வந்தவர்

டெய்லர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, சாண்ட்விச்சின் மேல் நீட்டிப் பிடித்தார். கடை வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாடி பார்க்கும் டாக்டரின் முகத்தைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"மறுபடி ஒரு இஞ்ச் போயிடுச்சு," என்றார் டெய்லர். "துணிகூடத் துவைச்சாத்தான் சுருங்கும். இது துவைக்காமலே சுருங்குது."

வரிசை சிரித்தது. கல்லாவில் இருந்த பெண் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தலைமை அலுவலகம் அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருந்தது. அது வாடிக்கையாளர் பணம் நீட்டும்போது மட்டும்.

டெய்லரின் கடை இரண்டு கதவு தள்ளித்தான். அவரும், அவரிடம் காஜா எடுக்கும் மைத்துனனும் மதியம் ஒரு சாண்ட்விச் வாங்கிப் பாதிப் பாதியாகச் சாப்பிடுவது வழக்கம். ஒரு காலத்தில் அதில் இரண்டு பேருக்கும் ஏப்பம் வந்தது. இப்போது ஒருவர் சாப்பிட்டால் இன்னொருவர் சுற்றிய காகிதத்தை முகர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆளுக்கொன்று வாங்கினால், காலையில் தைத்த சட்டையின் கூலி அங்கேயே கரைந்துவிடும்.

சுவரில் ஒரு சாண்ட்விச் படம் இருந்தது. தலையணை அளவுக்கு. பக்கத்தில் விலைப் பலகை. அதில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய விலைச் சீட்டுகள், உள்ளே வைக்கும் சீஸைவிடத் தடிமனாகிவிட்டிருந்தன.

"பின் சந்துல ஒரு அக்கா பாதி விலைக்கு வயிறு நெறையச் சோறு போடுது மாமா," என்றான் மைத்துனன். "வா, போயிடலாம்."

"போடா. நாம போயிட்டா இவங்களை யாரு கேக்குறது? இவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா?"

"ஜெயிச்சிட்டுப் போகட்டும். எனக்குப் பசிக்குது."

மூலை மேசையிலிருந்து டை கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். "நான் தலைமை அலுவலகத்துலேர்ந்து வர்றேன். முதல்ல சாருக்கு ஒரு நாற்காலி போடுங்க."

அந்தக் கடையின் நாற்காலிகள், உட்கார்ந்தவர் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்றே செய்யப்பட்டவை. ஆகவே மேனேஜர் அறையிலிருந்து மெத்தை வைத்தது ஒன்று வந்தது. கூடவே காசு வாங்காமல் ஒரு காபியும் வந்தது. வரிசையில் சிலர் வாயைப் பிளந்தார்கள்.

"மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க சார். உங்களை மாதிரி ஆளுங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்," என்றார் அதிகாரி.

டெய்லர் மடை திறந்தார். "தக்காளியை உள்ள வெச்சீங்களா, இல்ல காட்டிட்டு எடுத்துக்கிட்டீங்களான்னே தெரியல. சீஸுக்கு அடியில கைய வெச்சா ரேகை தெரியுது. இந்த வெள்ளரிக்காயைச் சீவறவனை என்கிட்ட அனுப்புங்க சார், ஒரு சட்டைத் துணியில நாலு சட்டை வெட்டுவான்."

"நல்லாக் கேளுங்க, விடாதீங்க," என்றார் வரிசையில் இருந்த பாங்க் அம்மாள். சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதிகாரி எதையும் மறுக்கவில்லை. "விலை ஏத்தினப்ப என்ன பண்ணீங்க சார்?"

"சண்டை போட்டேன்."

"ரொட்டி சின்னதானப்ப?"

"கத்தினேன். உங்க மேனேஜர் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்."

"சரி. அதுக்கு மறுநாள்?"

"மறுநாளும் வாங்கினேன், அளந்தேன், கத்தினேன். நான் விடுற ஆள் இல்ல சார். இந்தக் கடை திறந்ததுலேர்ந்து ஒருநாள் தவறினதில்ல."

அதைக் கேட்டதும்தான் அதிகாரி முதன்முறையாகப் புன்னகைத்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றார் டெய்லர், குரலைத் தணித்து. "பழைய அளவு வரணும். ரெண்டு பேரு பசியாறணும். அவ்வளவுதான்."

"உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்." அதிகாரி இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்த டெய்லரின் கழுத்து ஓர் இஞ்ச் நீண்டிருந்தது. "பாத்தியாடா? நாற்காலி போட்டுக் கேட்டாங்க. ஒரு வாரத்துல பழைய ரொட்டி வருதா இல்லையா பாரு." அந்தச் சந்தோஷத்தில் தன் பாதியையும் மைத்துனனுக்கே கொடுத்துவிட்டார்.

அவன் இரண்டு பாதியையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டான். "வரட்டும் மாமா," என்றான். சொல்வதற்கு வாயில் இடம் தாராளமாக இருந்தது.

உள்ளே, மேசை மேல் டெய்லர் மறந்துவிட்டுப் போன டேப் கிடந்தது. அதிகாரி அதை எடுத்துச் சுருட்டியபடியே கல்லாவுக்கு வந்தார்.

"அவர் சொன்னது நிஜமா? ஒருநாள்கூட விட்டதில்லையா?"

"புயல் அடிச்ச அன்னிக்கு நாங்க மூடிட்டோம் சார்," என்றாள் கல்லாப் பெண். "ஷட்டரைத் தட்டி, திறக்க வெச்சு, திட்டிட்டு, வாங்கிட்டுத்தான் போனார்."

அதிகாரி டேப்பை அவள் கையில் வைத்தார்.

"நாளைக்கு வருவார், கொடுத்துடுங்க. ரொட்டியில இன்னும் ஒரு இஞ்ச் எடுத்துடலாம்."