இருட்டில் கழுவும் படம்

"கதவைத் திறந்துடாதே. வெளிச்சம் பட்டா பிள்ளைங்களோட முதல் படமே போயிடும்" என்று குளியலறை இருட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தான் அவன்.

வெளியே மனைவி, தோளுக்கு ஒன்றாக இரட்டைக் கைக்குழந்தைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டும் அழுதன. "ஃபிலிம் கழுவ இவ்வளவு நேரமா?"

"ஆஸ்பத்திரியில மங்கல் வெளிச்சத்துல எடுத்தது. கறுப்பு வெள்ளை எடுப்பாத் தெரியணும், குருணை குருணையாவும் தெரியக்கூடாது. அவசரப்பட்டா ஆகுமா?"

அந்த இருட்டு அவனுக்கு வெதுவெதுப்பான குளம்போல இருந்தது. ஃபிலிம் கழுவும் டப்பாவுக்குள் தண்ணீர் மெல்ல அலசும் ஓசை, படகின்மேல் அலை தட்டுவதுபோல் கேட்டது. அழுகை எங்கோ அக்கரைக்குப் போய்விட்டது.

"ஏங்க."

"ம்…"

"ஃபிலிமை கேமராவுக்குள்ளேயே விட்டுட்டுப் போயிருக்கீங்க."

குளியலறைத் தரையில் மல்லாந்து படுத்தபடி, வெறும் தண்ணீர் நிரப்பிய டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்த அவனுடைய கால் சட்டென்று நின்றது. எழுந்திருக்கப் பார்த்தான்.

"எழுந்திருக்காதீங்க. கதவுக்கு வெளியே தலகாணி வெச்சிருக்கேன், கையை நீட்டி எடுத்துக்கங்க" என்றாள் அவள். "நாளைக்கு நான் கழுவுறேன். எனக்குக் கை பழகலை, இன்னும் ரொம்ப நேரம் பிடிக்கும்."