முழுமையான பதிப்பு

“வெட்டிட்டானுங்க! நல்ல வசனமா பார்த்துப் பார்த்து வெட்டிட்டானுங்க!”

விமர்சகர் போட்ட கூச்சலில், பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி ஈரச் சட்டையும் கையுமாக ஓடிவந்தாள்.

டி.வி.யில் படம் அப்படியே நின்றிருந்தது. மேஜைமேல் ஆறு டிவிடிகள் அடங்கிய பெட்டி. ‘எட்டுப் பேர், ஒரு குளியலறை. புகழ்பெற்ற குடும்ப நகைச்சுவைத் தொடர். ஒரு காட்சிகூட வெட்டாத முழுமையான பதிப்பு’ என்று அதன்மேல் பொன்னெழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஒரு வாரப் பத்திரிகையில் புத்தகங்களையும் டிவிடிகளையும் விமர்சிப்பவர் அவர். கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் பார்த்த தொடர் என்பதால், ஆசிரியரிடம் அடம்பிடித்து இந்தப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். அதிலுள்ள நகைச்சுவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். அலுவலகத்தில் எடுத்துவிட்டால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “நாங்களும்தான் பார்த்தோம், இந்த இடம் ஞாபகமே இல்லையே” என்று யாராவது சொன்னால், வல்லாரை சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவார்.

“ஏழாவது எபிசோட். நாத்தனார் பெட்டி படுக்கையோட வந்து நிக்கறா. அந்தப் பொண்டாட்டி என்ன சொல்லணும்?”

மனைவி சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு, “என்ன சொல்லணும்?” என்றாள்.

“‘வாங்க அண்ணி, எப்ப கிளம்பறீங்க?’ அதானே? இங்க என்ன சொல்றா தெரியுமா? ‘வாங்க அண்ணி, பிரயாணமெல்லாம் சௌகரியமா?’ இதுக்கு யாராவது சிரிப்பானா?”

“இருபது வருஷமாச்சு. நீங்க மாத்தி ஞாபகம் வச்சிருப்பீங்க.”

“நானா? அன்னிக்கு எங்க அக்காகூட நம்மோட உட்கார்ந்து பார்த்தாங்களே! நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அவங்க மட்டும் உம்முனு இருந்தாங்க. பாவம் அக்கா, நகைச்சுவை கிலோ என்ன விலைன்னு கேட்கறவங்க.”

மனைவி துண்டை எடுத்து இரண்டு கைகளையும் அதில் சுருட்டிக்கொண்டாள்.

“இன்னொண்ணு கேளு. மாமனார் குளியலறைக்குள்ள போய் ஒரு மணி நேரமாச்சு. ‘உள்ளயே குடிவந்துட்டாரா, கேட்டுச் சொல்லுங்க, கதவுல பேர்ப்பலகை மாட்டிடலாம்’னு மருமக சொல்வா இல்ல? இதுல வெறும் ‘மாமா, நேரமாச்சு’. அவ்வளவுதான்! அப்புறம் ஒன்பதாவது எபிசோட். ‘ஊர்ல எல்லார்கிட்டயும் ஓட்டை கண்டுபிடிக்கறீங்களே, உங்க பனியன்ல இருக்கற ஓட்டை கண்ணுல படலையா?’ ஆகா! அந்தப் புருஷனைப் பார்த்தாலே நமக்கு ரொம்பத் தெரிஞ்ச யாரோ மாதிரி இருக்கும். இப்ப என்ன வருது? ‘சாப்பாடு ஆறிப்போகுது, வாங்க.’”

இதைச் சொன்னபோது அவர் போட்டிருந்த பனியனில் தோள்பக்கம் இரண்டு ஓட்டைகள் இருந்தன. மனைவி அவற்றைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

விமர்சகருக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. வீட்டில் பூட்டி வைத்த பொருளை யாரோ எடுத்துப்போனது போல இருந்தது. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். ‘வசனக் கொலை’ என்று தலைப்பு. டிவிடி கம்பெனி ரசிகர்களை ஏமாற்றிவிட்டது என்று நான்கு பத்திகள்.

“நாலு மணிக்குள்ள ஆசிரியருக்கு அனுப்பணும்.”

மனைவி சட்டென்று துண்டை உதறினாள். “அனுப்பாதீங்க. கம்பெனிக்காரன் பழைய நாடாவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினா உங்க பேர் என்ன ஆகும்?”

அதுதான் அவருக்கும் முக்கியம். இத்தனை வருடத்தில் அவர் எழுதியதற்கு ஒருமுறைகூட மறுப்பு வந்ததில்லை. ஊரை எடைபோடுகிறவர் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது அந்தப் பெயரை நம்பித்தான்.

“காட்டட்டுமே! எனக்குச் சாட்சி இருக்கு. இப்பவே அக்காவுக்கு மெசேஜ் போடறேன். ‘எப்ப கிளம்பறீங்க’ன்னு அதுல வந்துச்சா இல்லையான்னு அவங்களே சொல்லட்டும்.”

செல்போனை எடுத்து இரண்டு எழுத்து தட்டுவதற்குள் மனைவி அதைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். “ஐயோ, அவங்களை மட்டும் கேட்காதீங்க!”

“ஏன்? அக்கா என்ன பொய்யா சொல்லப்போறாங்க?”

அவள் முக்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். “கம்பெனிக்காரன் ஒண்ணையும் வெட்டலை. அந்த வசனமெல்லாம் அதுல இருந்ததே இல்லை.”

“அப்புறம் எனக்கு எங்கிருந்து வந்துச்சு? கனவுலயா?”

“இப்ப மாதிரி அன்னிக்கு வசனம் படத்துக்கு அடியில எழுத்தாவா ஓடுச்சு? டி.வி.யில அவங்க பேசினதையெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து உங்களுக்குக் கையால சொன்னது யாரு? அவங்க பேச்சு சப்புனு இருந்துச்சு. நீங்க சிரிச்சுப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. நானா போட்டுச் சொல்லிட்டேன்” என்று அவளுடைய பத்து விரல்களும் படபடத்து ஓய்ந்தன.

சின்ன வயதில் காய்ச்சலில் காது போன விமர்சகருக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான்கு பத்திகளையும் அழித்துவிட்டு, ‘எங்கள் வீட்டில் ஓடிய பதிப்பே சிறந்தது, அது கடையில் கிடைக்காது’ என்று எழுதினார்.