சாயங்கால பஸ்

அன்று அருவிப் பாறையில் இருந்த குரங்குகள் நான்கு: மொட்டையன், அவன் பெண்டாட்டி செவளை, அவன் தங்கை வெள்ளச்சி, அப்போதுதான் பழம் தின்னப் பழகியிருந்த செவளையின் குட்டி.

பூங்காவைப் பார்க்க வந்தவர்கள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று படமெடுத்தார்கள்.

“மதினி, இன்னும் ஓரத்துக்குப் போ. அருவியோட சேர்ந்து தெரிஞ்சாத்தான் பழம் விழும்,” என்றாள் வெள்ளச்சி.

“பாசி வழுக்குதடி.”

“அடேயப்பா! மரத்துல பொறந்தவளுக்குப் பாறையில பயமாக்கும்!”

செவளைக்கு ரோஷம் வந்துவிட்டது. நகர்ந்து உட்கார்ந்தாள். முதல் பழம் பறந்து வந்தது. அதைப் பிடிக்க அவள் எட்டியபோது, குட்டி வழுக்கி ஆற்றுக்குள் விழுந்தது.

கீழ் மடுவில் அவள் அதை எடுத்தபோது மூச்சு இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு பாறைக்கு வந்தாள். “ஐயோ பாவம்!” என்று வேலியோரம் குரல்கள் எழுந்தன. பழங்கள் மளமளவென்று விழுந்தன.

ஒரு புதரடியில் குட்டியைக் கிடத்தப் போனாள் செவளை.

“கொஞ்சம் பொறு புள்ள,” என்றான் மொட்டையன். “சாயங்கால பஸ் இன்னும் வரலை.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, குட்டியின் ஈரத் தலை வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பஸ் வந்து போனது. மொட்டையன் பழக்கத்தில் நான்கு பங்கு வைத்தான், பங்குக்கு ஐந்து பழம். மூவரும் தின்றார்கள். செவளையும்தான்.

மீந்தது ஐந்து.